சுவர் சுருங்கலாம், எழுத்து சுருங்கக் கூடாது



நான் வகுப்பில் நிலப்படம் நடத்தும்போது கேட்கும் கேள்வி பலருக்கு நினைவிருக்கும். இந்தியப் படத்தில் தமிழ்நாடு விரல் அளவுதான். தமிழ்நாடு படத்தில் அதுவே பக்கம் முழுக்க நிற்கிறது. ஆனால் ‘திருச்சி’ என்ற எழுத்து மட்டும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறதே, ஏன்? ஊர் அளவுத்திட்டத்துக்குக் கட்டுப்பட்டது, எழுத்து படிப்பவர் கண்ணுக்குக் கட்டுப்பட்டது. அவ்வளவுதான் பதில்.

இதே பாடம் ஆட்டோகேடில் இருக்கிறது என்று, கட்டட வரைபட வேலை செய்யும் நம் பழைய மாணவி ஒருத்தி காட்டினாள். அதில் வீட்டை உண்மையான அளவிலேயே வரைகிறார்கள். 230 மி.மீ. சுவர் என்றால் 230 தான். 1:50 இல் அச்சிட்டால் அது தாளில் 4.6 மி.மீ. ஆகிவிடும். எழுத்தும் கூடவே சுருங்கும். தாளில் 2.5 மி.மீ. உயரம் வேண்டுமானால் 50 ஆல் பெருக்கி 125 என்று போட வேண்டும். 1:100 க்கு 250, குளியலறையைப் பெரிதாக்கிக் காட்டும் 1:20 க்கு 50. ஒரே அளவை மூன்று தரம் எழுதி, மூன்று லேயரில் வைப்பார்களாம். ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால் போச்சு.

ஆட்டோகேட் 2008 பதிப்பில் இதற்கு வழி வந்தது. ‘அன்னோடேட்டிவ்’ என்று குறித்துவிட்டு, தாளில் வேண்டிய உயரத்தை மட்டும் சொன்னால் போதும். பெருக்கலை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஒரே எழுத்துக்குப் பல அளவுத்திட்டங்களைச் சேர்க்கலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: ஓர் அளவுத்திட்டத்தை அந்த எழுத்தின் பட்டியலில் சேர்க்காவிட்டால், தாளில் அந்த அளவுத்திட்டமுள்ள சட்டத்தில் எழுத்தே தெரியாமல் போகும்.

வரைபவர் பாடு நமக்கெதற்கு என்று தோன்றலாம். என் தம்பி வீட்டு வரைபடம் 1:50 க்கு எழுதப்பட்டு, சிறிய தாளில் அடங்கட்டும் என்று 1:100 இல் அச்சானது. 2.5 மி.மீ. எழுத்து 1.25 ஆனது. அதையும் நகலெடுத்துத்தான் மேஸ்திரி கையில் கொடுத்தார்கள். குளியலறைக் கதவுக்கு மூன்றடி என்று போட்டிருந்தது படிக்க முடியாமல், அவர் வழக்கமான இரண்டரை அடி நிலையை வைத்துவிட்டார். மரச்சட்டம் போக உள்ளே இரண்டடிதான் மிச்சம். அம்மா சக்கர நாற்காலிக்கு வந்தபோது வண்டி அந்த வாசலில் நுழையவில்லை. நிலையைப் பெயர்த்து, சுவரை இடித்து, ஓடு மாற்றி முடிக்கும்வரை அம்மாவை இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனோம். அவர்களுக்கு அதில் இருந்த கூச்சம் எனக்குத்தான் தெரியும். மேஸ்திரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெயிலில் நின்று மங்கிய தாளைப் பார்க்கிறவர் அவர்.

உங்களில் சிலர் பொறியாளர்கள், சிலர் பாலிடெக்னிக்கில் படிக்கிறீர்கள். வரைபடம் முடிந்ததும் திரையை நம்பாமல் ஒரு தாளை அச்சிட்டு, வீட்டில் கண்ணாடி போட்டவர் யாரிடமாவது கொடுத்து எண்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால், அந்த அளவுத்திட்டத்துக்கு எழுத்தைச் சரிசெய்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வீடு கட்டப்போகும் உறவுகளே, வரைபடம் கைக்கு வந்ததும் கதவு அளவுகளை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.