தண்ணீர் ஊற்றாத நாட்கள்

கிரகப்பிரவேசமோ, சீமந்தமோ, நவராத்திரிக் கொலுவோ, சென்னையில் இப்போதெல்லாம் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு குட்டிச் செடியும் சேர்ந்து வருகிறது. உள்ளங்கையில் அடங்கும் பீங்கான் கிண்ணம், மேலே வெள்ளைக் கூழாங்கற்கள், நடுவில் கரும்பச்சையில் நட்சத்திரம்போல விரிந்த கூரான இலைகள். ஒவ்வோர் இலையிலும் கோலமாவால் இழுத்ததுபோல் வெள்ளை வரிகள். நர்சரிகளில் இதற்கு 'ஜீப்ரா பிளான்ட்' என்று பெயர். ஓர் அடி உயரம்கூட வளராது, குப்பை சேர்க்காது, நாயோ பூனையோ கடித்தாலும் விஷமில்லை. வாங்கி வந்தவர்கள் ஆசையாக டி.வி. பக்கத்தில் வைக்கிறார்கள். சில மாதங்களில் பல வீடுகளில் அது அழுகிக் குப்பைக்கூடைக்குப் போகிறது. கவனிக்க ஆளில்லாமல் போனவை அதில் குறைவு. கவனிப்பு மிஞ்சிப்போய்ச் செத்தவைதான் அதிகம்.

தாம்பரத்தை அடுத்த சேலையூரில், தனி வீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த ஓர் அம்மாவின் கைக்கு அப்படி ஒரு கிண்ணம் வந்து சேர்ந்தது. அவருக்கு எழுபது வயது. பழைய வீட்டில் கிணறு, இரண்டு தென்னை, கறிவேப்பிலை, செம்பருத்தி, நித்தியமல்லிப் பந்தல், துளசி மாடம் எல்லாம் இருந்தன. விடியற்காலை ஐந்தரைக்கு மோட்டாரைப் போட்டு, ஹோஸைப் பிடித்து, அரை மணி நேரம் செடிகளுக்குத் தண்ணீர் விட்ட பிறகுதான் அவருக்குக் காபி. கணவரின் காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போன மறுநாள் காலையிலும் அவர் எழுந்து முதலில் செய்த வேலை அதுதான்.

பிறகு வீட்டை விற்க வேண்டியதாயிற்று. மகன் குடும்பத்தோடு மேடவாக்கத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டுக்கு வந்தார். அங்கேயும் ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்தால் கைக்கு வேலை இல்லை.

மருமகள் இதைக் கவனித்திருந்தார். தோழி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் கிடைத்த கிண்ணத்தை நேராக மாமியாரிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

"அத்தை, இது உங்களுக்குத்தான். உங்க ரூம் ஜன்னல்ல வெச்சுக்கோங்க."

அன்றிலிருந்து தினமும் ஐந்தரைக்கு அரை டம்ளர் தண்ணீர் அந்தக் கிண்ணத்துக்குப் போயிற்று. ஐந்தாவது வாரத்தில் அடி இலைகள் நிறம் மாறின. பச்சை வெளுத்து, உள்ளே தண்ணீர் தெரிவதுபோல் பளபளத்து, தொட்டால் வெந்த கத்தரிக்காய்போல் குழைந்தன. 'தண்ணி போதலையோ என்னவோ' என்று அவர் அரை டம்ளரை ஒரு டம்ளராக்கினார். அடுத்த வாரம் பிளஸ் டூ படிக்கும் பேத்தி இலையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். வேர் வரவில்லை, செடி மட்டும் கையோடு வந்தது.

"பாட்டி, இது போயிடுச்சு. தூக்கிப் போட்டுடவா?"

அவர் பதில் சொல்லவில்லை. சேலையூர் தெருவில் யார் வீட்டில் எந்தச் செடி வாடினாலும் 'அந்த அம்மா கையால ஒரு சொம்பு தண்ணி ஊத்தச் சொல்லு' என்பார்கள். அப்படிக் கைராசி என்று பேர் வாங்கியவருக்கு, அதே கையால் ஒரு செடி போனது என்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

போனதற்குக் காரணம் அந்தச் செடியின் பிறந்த ஊரில் இருக்கிறது. ஜீப்ரா பிளான்ட் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியைச் சேர்ந்தது. வறண்ட நிலத்தில் புதர்களின் நிழலிலும் பாறை இடுக்கிலும் ஒண்டி வளர்வது. சோற்றுக்கற்றாழைக்கு நெருங்கிய சொந்தம். செடிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் ஆராய்ந்த இங்கிலாந்துக்காரர் ஏட்ரியன் ஹார்டி ஹவோர்த், 1804-இல் இதைக் கற்றாழை வகையாகவே பதிவு செய்தார். 1809-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் துவால் இந்தக் கூட்டத்தைத் தனியே பிரித்து, அவர் பெயராலேயே 'ஹவோர்தியா' என்று அழைத்தார். 2013-இல் இதில் ஒரு பகுதி மறுபடி பிரிக்கப்பட்டு 'ஹவோர்தியாப்சிஸ்' ஆயிற்று. ஜீப்ரா பிளான்ட் இப்போது அந்தப் பிரிவில் இருக்கிறது. கடைகளில் இன்னும் பழைய பெயர்தான்.

மழை எப்போது வரும் என்று தெரியாத ஊரில் பிறந்த செடி, கிடைத்த தண்ணீரை இலைக்குள் சேர்த்துவைத்துக்கொள்ளும். சேர்த்ததை வீணாக்காமல் இருக்கவும் அதற்கு ஒரு வழி தெரியும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. வெயிலில் அந்தத் துளைகள் வழியாகவே தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். ஜீப்ரா பிளான்ட், பகலில் கதவைச் சாத்திக்கொண்டு இரவில் திறக்கும். இரவில் எடுத்த வாயுவை இலைக்குள் அமிலமாக மாற்றி வைத்து, விடிந்ததும் வெயிலைக் கொண்டு உணவாக்கிக்கொள்ளும். கற்றாழையும் கள்ளியும் அன்னாசியும்கூட இந்தக் கூட்டம்தான்.

இந்த ரகசியத்தின் நுனியைப் பிடித்ததில் மதராஸுக்கும் பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக மதராஸ் ராஜதானியில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹைன், ரணகள்ளி இலையை வெவ்வேறு நேரத்தில் மென்று பார்த்தார். காலையில் நன்றாகப் புளித்த இலை, மதியம் புளிப்பை இழந்திருந்தது. அவர் இதைப் பற்றி எழுதிய கடிதம் 1815-இல் இங்கிலாந்தில் அச்சானது. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிறது என்பது பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்த விளக்கம்.

இப்படிச் சிக்கனமாகக் குடித்தனம் நடத்தும் செடிக்குத் தினமும் அரை டம்ளர் என்பது வெள்ளம். போதாக்குறைக்கு அந்தப் பீங்கான் கிண்ணத்தின் அடியில் ஓட்டையே இல்லை. உள்ளே இருந்தது வெறும் தென்னைநார்க் கழிவு. தண்ணீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், அதனால் உள்ளே ஈரமா காய்ச்சலா என்று பார்க்கவும் வழியில்லை. காற்றில்லாமல் வேர் அழுகிவிட்டது. வேர் அழுகியபின் எத்தனை டம்ளர் ஊற்றினாலும் செடியால் குடிக்க முடியாது.

பேத்தி தூக்கிப் போடப் போன கிண்ணத்தை அவர் வாங்கி, கற்களைப் பெயர்த்து, ஒரு பழைய பேப்பரில் கவிழ்த்தார். நாற்றமடித்த நாருக்கு நடுவில் கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு பக்கக்கன்று. அதன் நான்கு இலைகளும் கெட்டியாக இருந்தன. அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, மாலையில் பேத்தியோடு தெருமுனை நர்சரிக்குப் போனார். நர்சரிக்காரர் கன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது பிழைக்கும்மா. ஒரு வாரம் நிழல்ல காய விடுங்க. நட்ட பிறகும் ஒரு வாரம் தண்ணியே வேணாம்."

"காய விட்டா செத்துடாதா?"

"நனைஞ்சாத்தாம்மா சாகும்."

அவர் சொன்னபடி அழுகிய பகுதியைச் சுத்தமாக வெட்டி எடுத்து, வெட்டுக்காயம் தோல்போலக் காயும்வரை கன்றை ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். அடியில் ஓட்டையுள்ள, டம்ளர் அளவே ஆன மண்தொட்டி வாங்கினார்கள். செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல்தூள் ஒரு பங்கு, பேருக்கு ஒரு பிடி மண்புழு உரம். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் அடியில் இறங்கிவிடும் கலவை இது. பெரிய தொட்டி வேண்டாம் என்பதும் நர்சரிக்காரர் சொன்னதுதான். மண் அதிகமானால் ஈரமும் அதிக நாள் நிற்கும்.

நடுவது அரை மணி வேலை. நட்டபின் சும்மா இருப்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. ஐந்தரைக்கு எழுந்தால் கை தானாக டம்ளரைத் தேடியது. மூன்றாம் நாள் மகன் எழுந்து வந்தபோது, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் நின்றிருந்தார்.

"என்னம்மா பண்ற?"

"ஊத்தலைடா. சும்மா நிக்கிறேன்."

மகனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து வரும்போது, ஒரு கறிவேப்பிலைக் கன்றும் துளசிக் கன்றும் வாங்கி வந்து பால்கனியில் வைத்தார். "இதுக்கு எவ்வளவு வேணா ஊத்து" என்றார். மறுநாள் முதல் ஐந்தரைத் தண்ணீர் அவற்றுக்குப் போயிற்று. ஊற்றிப் பழகிய கையை அடக்குவது கஷ்டம். தாகமுள்ள ஒரு செடியைப் பக்கத்தில் வைத்துவிட்டால் கைக்கும் வேலை கிடைக்கும், ஜீப்ராவும் பிழைக்கும்.

ஜீப்ராவுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று தெரிந்துகொள்ள அவர் கண்டுபிடித்த கருவி ஈர்க்குச்சி. துடைப்பத்திலிருந்து ஒன்றை உருவி, தொட்டி ஓரமாக அடிவரை செருகி, சற்று நேரம் கழித்து எடுப்பார். மண் ஒட்டினால் தண்ணீர் கிடையாது. காய்ந்து வந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுத்து, அடி ஓட்டை வழியாக வடியும்வரை நன்றாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுவார். இலைகளுக்கு நடுவில் தண்ணீர் நிற்க விடுவதில்லை.

தினமும் ஊற்றிய காலத்தில் பார்க்காததையெல்லாம் இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறார். தாகமெடுத்தால் இலைகள் லேசாக உள்பக்கம் மடங்கும், நுனி காயத் தொடங்கும். வெயில் அதிகமானால் செம்பழுப்பு ஏறும். அப்போது தொட்டியை ஓரடி உள்ளே நகர்த்துகிறார். வெளிச்சம் போதாவிட்டால் செடி வெளுத்து நெட்டுக்குத்தாக நீளும். கிழக்குப் பார்த்த ஜன்னலில், காலை வெயில் இரண்டு மணி நேரம் படும் இடம் அதற்குப் பொருந்திவிட்டது. ஒருமுறை இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சுபோல் மாவுப்பூச்சி வந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்தார். வெள்ளைப் புள்ளிகள் இலையின் இரண்டு பக்கமும் இருந்தால் 'அட்டெனுவேட்டா', வெளிப்பக்கம் மட்டும் இருந்து உள்பக்கம் வழவழப்பாக இருந்தால் 'ஃபேசியேட்டா' என்று பேத்தி எங்கோ படித்துச் சொன்னாள். தடவிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் சொரசொரப்பு.

ஆனியில் நட்ட கன்று ஆவணியில் நடுவிலிருந்து ஓர் இலை விட்டது. உங்கள் வீட்டில் இந்தச் செடி இருந்தால் அவசரப்படாதீர்கள், அது அவ்வளவு மெதுவாகத்தான் வளரும். தாய்ச்செடி வளர்ந்தபின் அடியில் குட்டிகள் வரும். சொந்த வேர் விட்டு, தாயில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஆனபிறகு பிரித்து நடலாம். நன்றாக இருக்கும் செடி மெல்லிய காம்பை நீளமாக நீட்டி, வெளிர்நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள் பூக்கும். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் செடி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சோம்பி நிற்கும். அப்போது பாவம் பார்த்துக் கூடுதலாக ஊற்றினால் அழுகல் நிச்சயம். இன்னொரு கண்டம் ஐப்பசி, கார்த்திகை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த மாதங்களில் காற்றே ஈரம். ஜன்னல் கம்பியில் வைத்த தொட்டியைச் சாரல் படாத இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. பால் பாக்கெட் கணக்கு, கேஸ் சிலிண்டர் வந்த தேதி, எல்லாம் அதில்தான். ஜீப்ராவுக்குத் தண்ணீர் ஊற்றிய நாட்களை அவர் நீலப் பேனாவால் வட்டமிடுகிறார். ஆகஸ்டில் மூன்று வட்டம், செப்டம்பரில் இரண்டு, அக்டோபரில் ஒன்று. நவம்பர் தாளில் பால் கணக்கு இருக்கிறது, சிலிண்டர் தேதி இருக்கிறது, கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் விட்ட நாள்கூட இருக்கிறது. நீல வட்டம் ஒன்றுமில்லை. செடியில் இப்போது ஒன்பது இலைகள்.