கண்ணுக்குக் கீழே ஒரு வேர்

"மேல்பல்லப் புடுங்கினா கண்ணு போயிரும்லா, டாக்டரம்மா?"

ஆழ்வார்திருநகரியில் கிளினிக் வைத்த நாளிலிருந்து இந்தக் கேள்வி வராத வாரமில்லை. போகாது என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. ஆனாலும் கேட்பவர்களைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. மேல் கோரைப்பல்லில் சீழ் பிடித்தால் வீக்கம் மூக்கோரமாக ஏறும். விடிந்ததும் கண்ணைத் திறக்க முடியாது. அந்த முகத்தோடு பல் பிடுங்கப் போன யாரையோ பார்த்துத்தான் ஊர் இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும். பல்லை எடுப்பதால் பார்வை போவதில்லை. ஆனால் கோரைப்பல்லின் வேர் கண்ணை நோக்கித்தான் ஏறுகிறது. அதில் ஊர் சொல்வது சரி.

மேல் கோரைப்பல்லின் வெளியே தெரியும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர். எலும்புக்குள் இருக்கும் வேர் ஏறக்குறைய 17. வாயிலுள்ள 32 பற்களில் இதைவிட நீளமான வேர் வேறெதற்கும் இல்லை. மூக்குத் துவாரத்துக்குப் பக்கத்தில், மேலுதட்டின் மேல் விரலை வைத்து அழுத்தி நகர்த்திப் பாருங்கள். ஒரு மேடு தட்டுப்படும். உதட்டோரம் ஒட்டிப்போகாமல் முகத்துக்கு முட்டுக் கொடுப்பது அந்த மேடுதான்.

பார்ப்பவர்கள் கண்ணில் படுவது கூர் மட்டும்தான். எங்கள் பக்கத்துச் சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் குயவர் அதை உதட்டுக்கு வெளியே வைத்துவிடுவார். எங்கள் ஊர் ஆதிநாதர் கோயிலில் பன்றி அவதாரமான வராகர் ஞானப்பிரானாக இருக்கிறார். பன்றியின் கொம்பு என்று நாம் சொல்வது கோரைப்பல். யானைத் தந்தமோ வெட்டுப்பல். என்னிடம் வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை, கோயில் யானையிடம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்கிறார்கள். மனிதக் கோரை அப்படி மிரட்டுவதில்லை. எத்தியோப்பியாவில் கிடைத்த, 44 லட்சம் ஆண்டுப் பழைமையான, மனித இனத்தின் தொல் உறவான ஆர்டிபித்தேகஸின் வாயிலேயே அது சிறுத்துவிட்டது. கூர் குறைந்தது, நீண்ட வேர் நிலைத்தது. அகழாய்வு நடந்த ஆதிச்சநல்லூருக்குப் போனால் எல்லாரும் கண்ணாடித் தரைக்குக் கீழே முதுமக்கள் தாழியைப் பார்ப்பார்கள். நான் குனிந்து தாடை ஏதும் தெரிகிறதா என்று தேடுவேன். தொழில் புத்தி.

கோரையின் அந்த நீண்ட வேருக்கு என்ன வேலை? வாயை மூடி, பற்கள் ஒன்றையொன்று தொட்டபடி கீழ்த்தாடையை வலப்பக்கம் நகர்த்துங்கள். பலருக்குக் கீழ்க் கோரை மேல் கோரையின் உட்பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போகும். கடைவாய்ப் பற்கள் விலகிவிடும். பக்கவாட்டு உரசலைக் கடைவாய்ப்பல் தாங்காது. அதனால் முன்னால் நிற்கும் கோரை அதை ஏற்றுக்கொள்கிறது. தாடை மூட்டிலிருந்து தள்ளி இருப்பதால் அங்கே விழும் பாரமும் குறைவு. 1958-இல் ஏஞ்சலோ டி'அமிகோ என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இதை விரிவாக எழுதினார். எல்லார் வாயும் இப்படி இயங்குவதில்லை. வெற்றிலை மென்று தேய்ந்த வாய்களில் எல்லாப் பல்லும் சேர்ந்தே உரசும், அவர்களும் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள்.

இவ்வளவும் படித்திருந்தும் ஒரு கோரைப்பல்லை நான் பிடுங்கியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம். "இந்தத் தெத்துப்பல்ல மட்டும் எடுத்துருங்கம்மா, அடுத்த வாரம் பொண்ணு பாக்க வாராவ" என்றார் தாயார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவளைக் கேட்கவில்லை. லேசில் வரவில்லை. வெளிப்பக்க எலும்பு மெல்லிசு, உடைந்துவிடக்கூடாதென்று கொறட்டை அசைத்து அசைத்து அரை மணி நேரம். தட்டில் வைத்தபோது அதன் நீளத்தைப் பார்த்து எனக்கே வயிற்றைப் பிசைந்தது. சில வருடம் கழித்துக் கைக்குழந்தையோடு வந்தாள். அந்தப் பக்கத்து உதட்டோரம் ஒட்டியிருந்தது. அவள் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை, குழந்தைக்கு எப்போது பல் முளைக்கும் என்றுதான் கேட்டாள்.

செய்திருக்க வேண்டியது வேறு. பக்கத்திலுள்ள முன்கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்துவிட்டுக் கம்பி கட்டியிருந்தால், கோரை மெல்ல நகர்ந்து வரிசையில் நின்றிருக்கும். ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். பெண் பார்க்க வருகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். அதைவிட முன்னாலேயே பிடிக்கலாம். மேல் கோரை 11, 12 வயதில், இரண்டு பக்கத்துப் பற்களும் இடம்பிடித்த பிறகுதான் இறங்குகிறது. கல்யாண வீட்டுக்குப் பந்தி முடியும் நேரத்தில் வந்தவர் மாதிரி, இலை கிடைக்காமல் வெளியே நிற்கிறது. பால்பல் தானே, விழுந்துரும் என்று சொத்தையை விட்டுவிட்டால் இருக்கிற இடமும் சுருங்கிப்போகும். அதனால் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை எந்தப் பல்லுக்காக வந்தாலும் என் விரல் முதலில் மேலுதட்டுக்குள் போய் ஈறைத் தடவும். மேடு தட்டுப்பட்டால் கோரை சரியான வழியில் வருகிறது. இரண்டு பக்கமும் ஒரேபோல இல்லையென்றால் எக்ஸ்ரே. அண்ணத்துக்குள் படுத்துக்கொண்டிருக்கும் கோரையை இப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.

பெரும்பாலும் வாயில் கடைசிவரை நிற்பதும் கோரைதான், அதிலும் கீழ்க் கோரை. போன தை மாதம் ஒரு பெரியவர், முன்பு பனையேறியவர், பல்செட் கேட்டு வந்தார். கீழே இரண்டு கோரை மட்டும். "இதையும் எடுத்துட்டு மொத்தமாப் போட்டுருங்க தாயி."

"இருக்கட்டும் தாத்தா. செட்டு ஆடாம இந்த ரெண்டும் பிடிச்சுக்கிடும்."

யோசித்தார். பிறகு மடியிலிருந்து அவித்த பனங்கிழங்கு ஒன்றை எடுத்து, அந்த இரண்டு பல்லையும் மேல் ஈறையும் கொண்டு நாரைக் கவ்வி, ஒரே இழுப்பில் நுனிவரை உரித்துக் காட்டினார். பாதியை ஒடித்து என்னிடம் நீட்டினார்.