கடல் மேல் விளக்கு, கண்ணில் படாத எடை

ஊட்டிக்குப் போகிறவர்கள் பொட்டானிக்கல் கார்டன் பார்ப்பார்கள், ஏரியில் படகு விடுவார்கள். முத்தோரைப் பக்கம் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி படுத்திருப்பதை அநேகம் பேர் பார்ப்பதில்லை. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா ஆய்வு நிறுவனம் கட்டியது. 1970-லிருந்து வேலை செய்கிறது. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே சாய்வுள்ள மலையைத் தேடிப் பிடித்து வைத்ததால், ஒரே அச்சில் சுற்றி வானத்தைப் பின்தொடர முடிகிறது.

அது பார்த்தவற்றில் பல, ஆக்டிவ் கேலக்ஸிகள். கேலக்ஸி என்பது கோடானுகோடி நட்சத்திரங்களின் கூட்டம். சிலவற்றின் நடுவே உள்ள ராட்சதக் கருந்துளை வாயுவை விழுங்கும்போது, விழுகிற வாயு சூடேறிப் பிரமாதமாக ஒளிரும். மிகப் பிரகாசமானவற்றுக்குக் குவேசார் என்று பெயர். இவற்றை நிலா மறைக்கும் நேரத்தில் ரேடியோ அலை எப்படித் தேய்கிறது என்பதை வைத்தே ஊட்டியில் அளவெடுத்தார்கள்.

அது ஒவ்வொன்றாக அளந்த காலம். 2000-க்குப் பிறகு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள ஸ்லோன் தொலைநோக்கி லட்சக்கணக்கான குவேசார்களைப் பட்டியல் போட்டது. வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், அவை வானமெங்கும் சீராகத் தூவப்படவில்லை. கூடிக் கூடி இருக்கின்றன. ஏன்?

இதைத்தான் படிக்கப் போவதாக என் பேத்தி சொன்னாள். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள். என் மருமகன் காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவர். தடைக்காலத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "மாமா, நீங்களே அவளுக்குச் சொல்லுங்க. கண்ணுக்கே தெரியாத ஒண்ணைப் படிச்சா சோறு போடுமா? பேங்க் பரீட்சை எழுதச் சொல்லுங்க" என்றார். படகுக் கடன் ஒருபக்கம், டீசல் ஒருபக்கம். அவர் கவலை நியாயமானது.

நான் கேட்டேன்: "மாப்பிள்ளை, ராத்திரி கடல்ல படகு விளக்கெல்லாம் ஒரே எடத்துல கூடி நின்னா என்ன நினைப்பீங்க?"

"கீழ மீன் இருக்குதுன்னுதான்."

"மீனைப் பாத்தீங்களா?"

சிரித்துவிட்டார்.

விஷயம் அதுதான். கேலக்ஸிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது கரும்பொருள். ஒளி விடாது, ஒளியை மறைக்காது, எடை மட்டும் உண்டு. 1933-லேயே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, ஒரு கேலக்ஸிக் கூட்டத்தின் வேகத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் எடை போதாது என்று சொல்லிவிட்டார். சாதாரணப் பொருளைப் போல சுமார் ஐந்து மடங்கு இருக்கிறது என்பது இன்றைய கணக்கு. குவேசார்கள் எவ்வளவு நெருங்கிக் கூடுகின்றனவோ, அவ்வளவு கனமான கரும்பொருள் திட்டில் அவை குடியிருக்கின்றன என்று அர்த்தம். அப்படிக் கணக்குப் போட்டதில், ஒரு குவேசாரைச் சுற்றியுள்ள திட்டு சில லட்சம் கோடி சூரியன்களின் எடை என்று வந்தது. தராசு இல்லாமல், விளக்குகள் நிற்கும் இடத்தை மட்டும் பார்த்துப் போட்ட எடை!

ஒரு வித்தியாசம் உண்டு. வலையை இழுத்தால் மீன் வந்துவிடும். கரும்பொருளின் ஒரு துகளைக்கூட இதுவரை யாரும் பிடித்ததில்லை. பேத்தியை இழுப்பதும் அதுதான்.

2017-ல் புனே விஞ்ஞானிகள் அதே ஸ்லோன் பட்டியலிலிருந்து கேலக்ஸிகளின் மாபெரும் கூட்டம் ஒன்றைக் கண்டுபிடித்துச் சரஸ்வதி என்று பெயர் வைத்தார்கள். தூரம் சுமார் 400 கோடி ஒளியாண்டு. இருப்பது மீன ராசித் திசையில். "அங்கேயும் மீன்தானா!" என்றார் மருமகன்.

பேங்க் பரீட்சையும் எழுதட்டும், எம்.எஸ்ஸி.யும் சேரட்டும் என்று முடிவானது. முதல் தவணைக் கட்டணத்தில் பாதி என் பென்ஷனிலிருந்து. மீதியைக் கொடுத்தது மருமகன், தடைக்காலம் முடிந்து முதல் முறை கடலுக்குப் போய் வந்த பணத்தில்.