வாங்கலும் வழங்கலும்

கடலோர வீடுகளில் இரும்பு நெடுநாள் வாழ்வதில்லை. முட்டத்தில் சன்னல் கம்பியும் கதவின் கீலும் உப்புக் காற்றில் பொரிந்து உதிர்வதை நாம் பிள்ளைப் பருவம் முதல் கண்டு வருகிறோம். இக்காற்றோடு போராடும் பொருள்களின் வரிசையில் இன்று புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. வீட்டுச் சுவரில் சின்னஞ்சிறு விளக்குகள் மின்ன அமர்ந்திருக்கும் வைஃபை பெட்டிதான் அது.

பெட்டி ஒன்றானாலும் அதன் பணி இரண்டு. தெருக்கம்பத்திலிருந்து கண்ணாடி இழை வழியாக ஒளியாய் வரும் செய்தியை வாங்கிக்கொள்வது ஒரு பணி. அது மோடத்தின் வேலை. வாங்கியதை வீட்டிலுள்ள கைபேசிகளுக்கும் கணினிக்கும் வானலையாகப் பங்கிட்டு வழங்குவது மற்றொரு பணி. அது ரூட்டரின் வேலை. முன்பு தனித்தனியே இருந்த இரண்டையும் இப்போது ஒரே கூட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். இடமும் செலவும் மிச்சமாயின. ஆனால், பழுது நேரும்போது இரண்டில் எது நோயுற்றது என்பது எளிதில் புலப்படுவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் எம் வீட்டுப் பெட்டிக்கு இந்நோய் கண்டது. மாலையில் இணைப்பு வரும். சிறிது நேரத்தில் போய்விடும். வளைகுடா நாட்டில் படகுத் தொழில் செய்யும் தம்பியோடு அம்மா பேசும் வேளையும் அதுவே. "மக்களே, அவன் முகம் அப்படியே நிக்கு, சத்தம் ஒண்ணும் கேக்கல்ல" என்று கைபேசியை நீட்டுவார். பெட்டியை அணைத்துப் போட்டால் அரைமணி நேரம் சரியாக இருக்கும்; பிறகு பழைய கதைதான்.

அம்மாவின் பதற்றத்தை மிகையென்று எவரும் சொல்லமாட்டார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த நம் மக்களைக் கரையின் எச்சரிக்கை எட்டவில்லை. அந்த நாள்களில் கரையில் காத்திருந்த தாய்மார், குரல் கேளாத நேரத்தின் நீளத்தை அறிந்தவர்கள். பின்னர், 2019-இல், செயற்கைக்கோள் வழியாகக் கடலில் எச்சரிக்கை பெற உதவும் 'ஜெமினி' என்னும் கருவியை அரசு அறிமுகப்படுத்தியது. அதுவும் செய்தியை வாங்க மட்டுமே வல்லது. படகிலிருந்து மறுமொழி சொல்ல அதற்கு இயலாது.

எம் பெட்டிக்கு வருவோம். இணைப்பு போனதும் வெளியிலிருப்போரைக் குறைகூறுவது எல்லா வீட்டிலும் வழக்கம். ஆனால், சோதித்தறிய எளிய வழிகள் உண்டு. கண்ணாடி இழைக்குரிய விளக்கு சிவந்தால், வெளியிலிருந்து வரும் ஒளி அறுந்துவிட்டது என்று பொருள். எம் பெட்டியில் அது சிவக்கவில்லை. அடுத்து, பெட்டியையும் கணினியையும் ஒரு கம்பியால் நேரே இணைத்தோம். வைஃபை அற்றுப்போன அதே வேளையில் கம்பி வழியே எல்லாம் தங்குதடையின்றி ஓடின. ஆகவே வெளிவழி நலமாகவே இருந்தது.

சுவர்களின் குற்றமோ என்றும் பார்த்தோம். வைஃபை பேசும் அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்சு சுவர்களைக் கடந்து சற்றுத் தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்சு விரைவானது, ஆனால் சுவர்களில் விரைவில் தளரும். பெட்டியை நடு அறைக்குக் கொண்டுவந்து மரப்பலகையில் வைத்தோம். பக்கத்திலேயே அமர்ந்திருந்தும் இணைப்பு அறுந்தது. பெட்டி சூடேறச் சூடேற அதன் வழங்கும் பகுதி சோர்ந்துபோவது தெளிவாயிற்று. முடிவில் அதன் வைஃபையை நிறுத்திவிட்டு, கம்பி வழியே தனியொரு ரூட்டரை இணைத்தோம். அன்று மாலை தம்பியின் முகமும் குரலும் ஒன்றாக வந்தன. ஒரு மணி நேரம் பேசியும் அம்மாவுக்குப் போதவில்லை.

அப்பெட்டி நம்மைச் சிந்திக்க வைத்தது. வாங்குவதில் அதற்கு ஒரு குறையுமில்லை. ஒளி இடைவிடாமல் வந்து கொண்டிருந்தது. ஆயினும் ஓரடி தள்ளி அமர்ந்திருந்த தாய்க்கு அது பயன்படவில்லை.

1931 பிப்ரவரி 12 அன்று, மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியில் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் முதன்முதலாக உலகோடு பேசினார். எம் வீட்டுப் பெட்டி வழங்கும் அலையும் அந்த வானலைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. தொலைவிலிருப்போரை எட்டத் திருச்சபை அன்றே முனைந்தது. நம் குடும்பங்களிலோ, பக்கத்து அறையில் இருப்பவரை எட்டுவதுதான் கடினமாக இருக்கிறது. திருப்பலியில் அமைதியை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். வாசற்படி ஏறியதும் முதியவரிடம் எரிந்து விழுகிறோம். வரவேண்டிய அருள் வரவில்லை என்று பிறகு முறையிடுகிறோம்.

அன்பர்களே, முறையிடுமுன் நாமும் அந்தக் கம்பிச் சோதனையைச் செய்து பார்ப்போம். இறைவனிடமிருந்து வருவது நின்றுவிட்டதா, அல்லது நம்மிடம் வந்தது நம்மைத் தாண்டிப் போகவில்லையா? இக்கேள்விக்கு உரிய விடையை நம் வீட்டிலிருப்போர் நம்மைவிட நன்கு அறிவார்கள். இன்று மாலை அவர்களில் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.