இருதயம் அடி

புரட்டாசியில ஊன்றின மக்காச்சோளம் முழங்கால் உயரத்துக்கு வந்து நிக்குது. அடுத்த மழை எப்ப வரும்னு வானத்தைப் பாத்துட்டு இருக்கோம். பாக்குறதால மழை வந்துறப் போறதில்ல. அதனால இந்த வாரம் வெள்ளாமைப் பேச்சுக்கு லீவு.

போன பதிவைப் படிச்ச சென்னை நண்பர் ஒருத்தர், "உங்க பக்கம் வேலை இல்லாத மாசத்துல பொழுது எப்படிப் போகும்?" என்று கேட்டிருந்தார். காரியாபட்டி பக்கம் பெரும்பாலும் மானாவாரிக் கரிசல். குண்டாறு பக்கத்துல ஓடுதுன்னு பேரு, அதுல தண்ணி ஓடுற நாளை விரல் விட்டு எண்ணிறலாம். தையில அறுப்பு முடிஞ்சா ஆடி வரைக்கும் காட்டுல பெரிய வேலை கிடையாது. அந்த மாசங்கள்ல எங்க ஊரு ஆம்பளைங்க பாதிப் பேரைத் தேடணும்னா ஒரே இடம்தான். கேரம்போர்டு.

எங்க ஊர்ல அந்த போர்டு கிடந்தது ஒரு ரசிகர் மன்றத்துக் கொட்டகையில. வாசல்ல பெரிய நடிகர் படம் போட்ட தகரப் பலகை. உள்ள போனா நாலு பக்கமும் ஸ்டூல், நடுவுல போர்டு, மேல குண்டு பல்பு. பலகையில இருந்த நடிகருக்குப் படம் ரிலீஸ் ஆகுற அன்னைக்குத்தான் மரியாதை. வருசம் பூரா அந்தக் கொட்டகையில மரியாதை வாங்குனது வேற ஒருத்தர். பேப்பர்ல இருந்து வெட்டி எடுத்த சின்னப் படமா சுவத்துல ஒட்டியிருந்தார். பேரு மரிய இருதயம்.

நகரத்து நண்பர்கள் பல பேருக்கு இந்தப் பேரு தெரியாம இருக்கலாம், அதனால சொல்லிறேன். சென்னைக்காரர். தேசிய கேரம் சாம்பியன் பட்டத்தை 9 தடவை ஜெயிச்சவர். கேரத்துக்குன்னு ஒரு உலகக் கூட்டமைப்பு 1988ல் நம்ம சென்னையிலதான் ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் 1991ல் நடந்த முதல் உலகப் போட்டியில ஒற்றையர் பட்டம் இவருக்கு. 1995ல் மறுபடியும் இவருக்கே. 1996ல் அர்ஜுனா விருது. கேரம் ஆடுற ஒருத்தருக்கு அந்த விருது கிடைச்சது அதுதான் முதல் தடவை.

எங்க ஊர்ல இவருக்கு முதல் ரசிகர் என் சித்தப்பா. ஒரு விசயம் சொன்னா சிரிப்பீங்க. இருதயம் ஆடி சித்தப்பா ஒரு தடவை கூடப் பாத்ததில்ல. ஊர்ல வேற எவனும் பாத்ததில்ல. கிரிக்கெட்டை டிவியில காட்டுனான். கேரத்தை எவன் காட்டுனான்? இங்கிலாந்துல ஸ்னூக்கருக்குன்னே 1969ல் பிபிசியில ஒரு நிகழ்ச்சி ஆரம்பிச்சாங்க. கலர் டிவி வந்த புதுசுல, கலர் கலரா பந்து உருளுறதைக் காட்ட அதை விடத் தோதான ஆட்டம் இல்லன்னு. அங்க உள்ள ரசிகன் தன் சாம்பியன் எப்படிக் குனிவான், எப்படிக் குறி பாப்பான்னு வீட்டுல உக்காந்தே பாத்தான். எங்க ஆளுக்கு இருந்தது பேப்பர்ல நாலு வரி, ஒரு மங்கலான படம்.

பாக்காத ஆட்டத்துக்கு எப்படி ரசிகனா இருக்குறது? எங்க ஊர்க்காரங்க அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. நேரா காயை அடிச்சுக் குழியில போட்டா அது சாதா அடி. எதிர்க் கட்டையில மோதி, திரும்பி வந்து, நம்ம பக்கத்து மூலையில ஒளிஞ்சு கிடக்குற காயை ஸ்ட்ரைக்கர் தட்டிப் போட்டா, சுத்தி நிக்கிற அத்தனை பேரும் "இருதயம் அடி!"ன்னு கத்துவாங்க. அவர் அப்படித்தான் அடிச்சாரான்னு யாருக்கும் தெரியாது. எங்களால முடியாதது எல்லாம் அவரால முடியும்னு ஒரு கணக்கு. எங்கள்ல ஒருத்தன் முடியாததைச் செஞ்சுட்டா, அந்த ஒரு நிமிசம் அவர் வந்து கொட்டகையில உக்காந்த மாதிரி.

அதுக்கு முன்னாடி நாங்க ஆடுனது பாயிண்ட் ஆட்டம். கறுப்பு 10, வெள்ளை 20, ரெட்டு 50. சென்னையில வேலை பாத்துட்டு ஊருக்கு வந்த ஒரு அண்ணன்தான், "இருதயம் ஆடுறது இந்த ஆட்டம் இல்லடா"ன்னு சங்கத்து விதிகளைச் சொல்லிக் குடுத்தார். கறுப்பு 9, வெள்ளை 9, ஆளுக்கு ஒரு நிறம். எதிராளிக்கு மிச்சம் கிடக்குற காய் ஒண்ணுக்கு ஒரு புள்ளி, ரெட்டுக்கு 3. யாரு முதல்ல 25 புள்ளி எடுக்குறாங்களோ, இல்லன்னா 8 போர்டு முடியுறப்ப யாரு முன்னால இருக்காங்களோ அவங்க ஜெயிச்சாங்க. ரெட்டைப் போட்டா மட்டும் போதாது, பின்னாலேயே ஒரு பாலோ போடணும். இல்லாட்டி ரெட்டு திரும்ப நடுவுக்கு வந்துரும். உக்காந்த இடத்துல இருந்து எந்திரிக்கக் கூடாது, நாற்காலியை நகத்தக் கூடாது. இதைக் கேட்ட உடனே எங்காளுங்க பாதிப் பேருக்கு ஆட்டமே மறந்து போச்சு. அதுவரைக்கும் அவங்க எந்திரிச்சு, போர்டு மேல படுத்து, மூச்சைப் பிடிச்சுல்ல அடிச்சுட்டு இருந்தாங்க!

சித்தப்பா மட்டும் ஒரே மாசத்துல உக்காந்து அடிக்கப் பழகிட்டார். "அவரு உக்காந்துதான அடிக்கிறாரு." அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம்.

சித்தப்பா அப்ப சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போயிட்டு இருந்தார். விடியக்காலை ஊருக்குள்ள வேன் வரும், ஏறிப் போவார். மருந்து அடைக்கிற வேலை. அந்த வேலையோட முதல் பாடமே எதையும் தட்டக் கூடாது, உரசக் கூடாதுங்கிறதுதான். இரும்புச் சாமான் கிட்டயே வரக் கூடாது. ஒரு டப்பாவைக் கீழ வைக்கிறதா இருந்தாலும் பச்சப்புள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி வைக்கணும். ஒரு தட்டு, ஒரு உரசல், ஒரு பொறி போதும். என்ன ஆகும்னு நீங்க பேப்பர்லயே படிச்சிருப்பீங்க.

அந்த மனுசன் சாயங்காலம் வேனை விட்டு எறங்கி, குளிச்சு, விரல் இடுக்குல ஒட்டியிருக்குற அலுமினியப் பொடியைத் தேச்சுத் தேச்சுக் கழுவிட்டு நேரா கொட்டகைக்கு வருவார். மருந்துக்கடையில வாங்கின போரிக் பவுடரைப் போர்டுல தூவி உள்ளங்கையால பரப்புவார். அப்பறம் ஸ்ட்ரைக்கரை வச்சு ஒரு அடி. டமார்னு காய் சிதறும். ஒரு நாள் என்கிட்ட சொன்னார்: "பகலெல்லாம் பயந்து பயந்து இருக்க வேண்டியிருக்குப்பா. தட்டுனா யாருக்கும் ஒண்ணும் ஆகாத சாமான் இது ஒண்ணுதான்."

ஸ்னூக்கருக்கும் நம்ம நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1875ல் ஜபல்பூர்ல இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் ஆரம்பிச்ச ஆட்டம் அது. விதிகளை எழுதி மாட்டினது 1882ல், நம்ம ஊட்டி கிளப்புல. பில்லியர்ட்ஸ்ல வில்சன் ஜோன்ஸ் 1958ல் கல்கத்தாவுல உலக அமெச்சூர் பட்டம் ஜெயிச்சார். எல்லாம் பெருமைதான். ஆனா அந்த மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம், பச்சைத் துணிக்கு அடியில கல்பலகை. எங்க கொட்டகைக்குள்ள மேசையை வச்சா ஆளு வெளிய நிக்கணும். கேரம்போர்டுக்கு ரெண்டரை அடிச் சதுரம் போதும். ஊரே காசு போட்டு வாங்கிறலாம், மழை வந்தா தலையில தூக்கிட்டு ஓடிறலாம். கூலி வேலை பாக்குறவன், ஆட்டோ ஓட்டுறவன், மீன்பாடி வண்டி மிதிக்கிறவன் எல்லாரும் ஆடுற ஆட்டத்துல ஒருத்தர் உலகச் சாம்பியன் ஆகி, டெல்லியில கூப்பிட்டு விருது குடுத்தாங்கங்கிறதுதான் சித்தப்பாவுக்குப் பெரிசாப் பட்டது. "வெட்டிப் பயலுக ஆட்டம்"னு என் தாத்தா திட்டுறப்ப எல்லாம் சித்தப்பா சுவத்துல இருக்குற படத்தைக் கையைக் காட்டுவார். வாய் திறந்து ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டார்.

இனிமே சொல்லப் போறது 2024 கதை.

2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில வடசென்னைப் பொண்ணு காசிமா ஒற்றையர், இரட்டையர், குழுன்னு 3 தங்கம் ஜெயிச்சுட்டு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்பா ஆட்டோ ஓட்டுறவர். தமிழ்நாடு அரசு 1 கோடி ரூபாய் குடுத்துச்சு. அதுக்கு முன்னாடி 2008லேயே வியாசர்பாடி இளவழகி பிரான்ஸுக்குப் போய் உலகப் பட்டம் ஜெயிச்சுட்டு வந்தவங்க. காசிமா செய்தியை போன்ல பாத்த என் அண்ணன் மக, ஒன்பதாம் வகுப்பு, மறுநாளே கொட்டகை வாசல்ல போய் நின்னுட்டா. "நானும் ஆடுறேன் தாத்தா."

உள்ள இருந்த ஆளுகளுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அந்தக் கொட்டகைக்குள்ள பொம்பளைப் புள்ள கால் வச்சதே கிடையாது. பீடி, பேச்சு, எல்லாம் ஆம்பளை ஏற்பாடு. சித்தப்பாதான் சொன்னார், "வீட்டுக்குப் போ ஆத்தா. இது ஒனக்கு வராது."

அவ போகல. சுவத்துல இருந்த படத்தைப் பாத்தா. "இவரு ஆடி நீங்க பாத்திருக்கீங்களா தாத்தா?"

"இல்ல."

"பாக்காமயே அவரால எல்லாம் முடியும்னு நம்புறீங்க. நான் ஆடியும் நீங்க பாத்ததில்ல. எனக்கு வராதுன்னு மட்டும் எப்படித் தெரியும்?"

நான் அங்கதான் இருந்தேன். ஒருத்தனும் பேசல. சித்தப்பா அன்னைக்கு அவளை உள்ள கூப்பிடல. அதையும் உள்ளபடி சொல்லணும்ல. அவ வீட்டுக்கு வந்து அழுதா. என் அண்ணனும், "ஏம்மா ஊர்ல பேச்சு வாங்கி வைக்கிற"ன்னு கடிஞ்சுக்கிட்டான்.

மூணாம் நாள் சாயங்காலம் சித்தப்பா தலையில போர்டை வச்சுக்கிட்டு எங்க வீட்டுத் திண்ணைக்கு வந்தார். கொட்டகை போர்டேதான். "அங்க பீடிப் புகை, புள்ளைக்கு ஆகாது" என்றார். பின்னாலேயே நாலு பேரு, "எங்க போர்டை எங்க தூக்கிட்டுப் போற?"ன்னு கத்திக்கிட்டு வந்தாங்க. "ஆடுறவன் இங்க வந்து ஆடு"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டார். அன்னைக்கு ஊர்ல நடந்த சண்டையை எழுதுனா தனிப் பதிவு ஆகும். ரெண்டு வீடு இன்னும் எங்ககூடப் பேசுறதில்ல.

சித்தப்பாவுக்கு இப்ப அறுபதைத் தாண்டிருச்சு. விரல் மூட்டு எல்லாம் வீங்கி இருக்கு, ஸ்ட்ரைக்கரைச் சுண்ட முடியல. வாயாலதான் சொல்லிக் குடுக்குறார். "எந்திரிக்காத. முழங்கையைப் போர்டுக்கு உள்ள கொண்டு வராத. ரெட்டைப் பாக்காத, பாலோவைப் பாரு. பாலோ இல்லாம ரெட்டைப் போட்டு என்ன செய்யப் போற?" இவ பள்ளிக்கூடங்களுக்குள்ள நடந்த போட்டிக்குப் போய் ரெண்டாவது சுத்துல தோத்துட்டு வந்தா. ஜெயிச்ச புள்ளைக்கு வீட்டுலேயே நல்ல போர்டு இருக்காம். எங்க போர்டுல நடுவுல ஒரு பள்ளம், காயை நேரா விட்டா இடது பக்கம் ஒதுங்கும். சித்தப்பா கேட்டது ஒரே கேள்வி: "உக்காந்து அடிச்சியா?" "ஆமா தாத்தா." "அப்பச் சரி."

இந்த அறுப்பு முடிஞ்சதும் மக்காச்சோளக் காசுல ஒரு நல்ல போர்டு வாங்கலாம்னு இருக்கேன். காட்டுப்பன்னி மிச்சம் வைக்கணும், படைப்புழு மிச்சம் வைக்கணும், அப்பறம் வியாபாரி வைக்கிற விலை. பாப்போம்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சென்னையில இருக்குற வாசகர்கள்ல ஐம்பது, அறுபது வயசுக்காரங்க இருப்பீங்க. எழுபதுகள்லயோ, எண்பதுகள்லயோ, தொண்ணூறுகள்லயோ மரிய இருதயம் ஆடி நேர்ல பாத்தவங்க இருந்தா எனக்கு எழுதுங்க. அவரு எப்படி உக்காருவார், ஸ்ட்ரைக்கரை எந்த விரலால அடிப்பார், ஆடுறப்ப பேசுவாரா மாட்டாரா, எது ஞாபகம் இருக்கோ அது. நான் சித்தப்பாவுக்கு வாசிச்சுக் காட்டணும். எதிர்க் கட்டையில மோதித் திரும்பி வர்ற அந்த அடியை அவர் நெசமாவே அடிப்பாரான்னு அவருக்குத் தெரியணுமாம். முப்பது வருசத்துக்கு மேல அதுக்கு அவர் பேரைச் சொல்லிட்டு இருக்கோம்.