ஸ்டாண்டர்டு பிஸ்டன்

பெரியவரின் சிறு நோட்டில் பெயர்களே இல்லை, எண்கள்தான். ஒவ்வொரு மேசை முன்னாலும் அதை விரித்துக்கொண்டு குனிகிறார். பெட்டிக்குள் கைவிட்டு எதையோ எடுக்கிறார், திருப்பிப் பார்க்கிறார், எடுத்த இடத்திலேயே வைக்கிறார். விலை கேட்பதில்லை. பின்னால் காலிப் பையோடு பேத்தி.

ஓஹியோ மாநிலத்தில், லெக்சிங்டன் ஊருக்கருகே உள்ள பந்தயத் திடல். ஜூலையில் இங்கே பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு விழா எடுக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பந்தயத்துக்குப் போகிறார்கள். வீட்டில் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் உதிரிச் சந்தைக்கு வருகிறார்கள். புல்தரையில் தார்ப்பாய், பின்கதவு திறந்த வேன், மடக்கு மேசை. பல் தேய்ந்த ஸ்ப்ராக்கெட், மாய்கோவின் பிங் கார்பரேட்டர், எந்த வண்டியுடையது என்று விற்பவருக்கே தெரியாத கிக்கர். காற்று திரும்பும்போதெல்லாம் மேட்டுப் பக்கமிருந்து டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் வீறிடலும் ஆமணக்கெண்ணெய்ப் புகையும் வந்து போகின்றன.

"எல்சினோர் 250" என்று மார்க்கரால் எழுதிய அட்டைப்பெட்டி முன் பெரியவர் முழங்காலிட்டே உட்கார்ந்துவிட்டார். ஓர் உறையை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எண்ணைப் படித்தார்.

"எம்டி" என்றார். வைத்துவிட்டார்.

ஹோண்டா உதிரி எண்ணில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்று சொல்லும். நடு மூன்று எந்த வண்டிக்கு என்று சொல்லும். இவருக்கு வேண்டியது 357, அதாவது சிஆர்250எம் எல்சினோர். உறையில் இருந்தது 358. அதே எல்சினோர் பெயரில், விளக்கெல்லாம் வைத்துச் சாலைக்கும் ஏற்றதாக விற்ற எம்டி250. விற்றவர் ஏமாற்றவில்லை, டேங்கில் இருந்த பெயரைத்தான் பெட்டியில் எழுதியிருக்கிறார்.

சிஆர்250எம் வந்தது 1973-இல். டூ-ஸ்ட்ரோக் என்றாலே முகம் சுளித்த சோய்சிரோ ஹோண்டாவின் நிறுவனம் விற்பனைக்கு விட்ட முதல் டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி அதுதான். வந்த ஆண்டே கேரி ஜோன்ஸ் ஹோண்டாவுக்கு அமெரிக்க 250 சிசி பட்டத்தை வாங்கிக் கொடுத்தார்.

வரிசையின் கோடியில் ஒரு முழு இன்ஜின், மரக்கட்டை மேல் ஏற்றி வைத்திருந்தது. 357 தான். பக்கத்தில் நடுவயதுப் பெண், நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"சிலிண்டர் மட்டும் தருவீங்களா?"

"பிரிக்கிறதில்லை."

பெரியவர் வாதாடவில்லை. பேத்தியிடமிருந்து பையை வாங்கி, அது காலியில்லை என்று அப்போதுதான் பார்த்தேன், துணியில் சுற்றிய பிஸ்டனை எடுத்து மேசையில் வைத்தார். தலையில் 1.00 என்று குத்தியிருந்தது. ஒரு பக்கம் நெடுக்குவாட்டில் ஆழமான கோடுகள்.

அந்தப் பெண் நகத்தால் கோட்டை வருடினார். "எக்ஸாஸ்ட் பக்கம். காத்து வாங்குச்சா?"

"கிராங்க் சீல் போயிருந்தது."

"மாத்திட்டீங்களா?"

"நான்தான் மாத்தினேன்" என்றாள் பேத்தி.

சீல் வழியாகக் காற்று நுழைந்தால் கலவையில் பெட்ரோலும் அதோடு கலந்த எண்ணெயும் குறையும். சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சிலிண்டரில் கோடு விழுந்தால் ரீபோர் செய்து அடுத்த சைஸ் பிஸ்டன் போடலாம். கால் மில்லிமீட்டராகக் கூட்டிக்கொண்டே போனால் 1.00 வரை, கம்பெனிக் கணக்கு அதோடு முடிந்தது. இந்தச் சிலிண்டர் கணக்கு முடிந்த சிலிண்டர்.

"லைனர் மாத்திடுங்களேன்."

பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். பழைய வண்டிக்காரர்களுக்கு இந்த வீம்பு உண்டு. கம்பெனி இறக்கிய இரும்பே உள்ளே இருக்க வேண்டும். அந்த வீம்புக்குத்தான் நன்றாயிருக்கும் இன்ஜின்கள் பிரிந்து, தலை ஒருவர் வீட்டிலும் கிராங்க் இன்னொருவர் வீட்டிலுமாகச் சிதறுகின்றன. அந்தப் பெண் பிரிக்க மறுத்தது எனக்குப் பிடித்திருந்தது.

அவர் பொறுமையாகச் சொன்னார்: சிலிண்டரைச் சூடாக்கினால் அலுமினியம் அதிகம் விரியும், இரும்பு அவ்வளவு விரியாது, பழைய லைனர் கழன்று வரும், புதியது இறங்கும். போர்ட் துளைகளை ஒட்டிச் சீர்செய்து, ஓரங்களை மழுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரிங் மாட்டும். பிஸ்டனுக்கு இதே ஓஹியோவின் வைஸ்கோ இருக்கிறது.

"அது வார்த்த பிஸ்டன் இல்லை, அடிச்சு செஞ்ச ஃபோர்ஜிங். இடைவெளி கூட விடணும். குளிர்ல தட்டும்" என்றார் பெரியவர். மறுக்க ஒரு காரணம் கிடைத்த திருப்தி.

அந்தப் பெண் வேனுக்குள் ஏறி, ஓரம் நைந்த சிறு பெட்டியோடு இறங்கினார். 13101-357. ஸ்டாண்டர்டு சைஸ், பிரிக்காதது.

"ஒருத்தரும் வாங்கலை. எல்லார் சிலிண்டரும் பெரிசாயிடுச்சு."

பெரியவர் தலையாட்டினார். எத்தனை பேர் இதே பெட்டியைப் பார்த்து இதே மாதிரித் தலையாட்டியிருப்பார்களோ. பேத்திதான் முதலில் பிடித்தாள்.

"தாத்தா, புது லைனர்னா மறுபடி 70 மில்லிமீட்டருக்கே போர் பண்ணலாமே."

பெரியவர் பெட்டியை வாங்கித் திறந்தார். வெகுநேரம் மூடவில்லை. பிறகு பார்வை மரக்கட்டை மேலிருந்த இன்ஜினுக்குப் போனது. இக்னிஷன் பக்கத்து மெக்னீசிய மூடியில் வெள்ளை பூத்து, ஒரு மூலை பசை வைத்து ஒட்டியிருந்தது.

"அந்த மூடி என்கிட்ட ஒண்ணு அதிகமா இருக்கு. விரிசல் இல்லாதது. வண்டியிலதான் கிடக்கு."

அந்தப் பெண் முதல்முறையாக நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பேத்தி சாவியை வாங்கிக்கொண்டு நிறுத்துமிடத்துக்கு ஓடினாள்.

"பிஸ்டனோட ரிங்கும் சேர்த்துத்தானே?" என்றார் பெரியவர்.

"ரிங் தனி."