கண்ணகி கோட்டத்துக்குப் புறப்படுமுன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஊர்ப் பெயரிலேயே குன்றம் உண்டு. ஏறிப் பழகத்தான் திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு கரடுகூட இல்லை! அப்படிப்பட்ட ஊர்க்காரனாகிய நான், வரும் சித்திரை முழுநிலவன்று மங்கலதேவி மலையேறப் போகிறேன் என்றதும் நண்பர்கள் நகைத்ததில் வியப்பென்ன?

தேனி மாவட்டம் கூடலூருக்கு மேலே, தமிழக-கேரள எல்லையில், சுமார் 4,380 அடி உயரத்தில் சிதைந்து நிற்கும் கருங்கற்கோயில் அது. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963-இல் கண்டறிந்து, சிலம்பு கூறும் கண்ணகி கோட்டம் இதுவே என்றார். புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் ஆண்டில் ஒரே நாள்தான் மக்களுக்கு அனுமதி. குமுளியிலிருந்து ஜீப் உண்டு. நாங்கள் ஐவரும் பளியன்குடி வழியாக 6.6 கிலோமீட்டர் நடந்தே ஏறுவதென்று முடிவு செய்தோம். மதுரையை எரித்தபின் வைகைக் கரையோடு மேற்கே நடந்தவளைக் காண ஜீப்பிலா போவது?

பயிற்சிக்காக இரண்டு ஞாயிறு திருக்கழுக்குன்றம் சென்று, 500-க்கு மேற்பட்ட படிகளை மும்முறை ஏறி இறங்கினோம். ஏறும்போது மூச்சுதான் வாங்கியது. இறங்கும்போதோ முழங்கால் நடுங்கியது. இறங்குகையில் தொடைத்தசை நீண்டுகொண்டே உடலெடையைத் தாங்குகிறது. மறுநாள் வலி அதனால்தான். படித்த பாடம் காலில் விளங்கிற்று! மலையில் பிளாஸ்டிக் கூடாதாம். எவர்சில்வர் குப்பியும் புளிச்சோறும் போதும்.

கால் தயாராயிற்று, வீடுதான் தயாராகவில்லை. எங்கள் தறியில் இருப்பது கோர்வைச் சேலை. கரைக்குத் தனி நாடா வீச இரண்டாவது ஆள் வேண்டும். கல்லூரி விட்டு வந்ததும் அந்த ஆள் நான். போக வர மூன்று நாள். மூன்று நாளும் தறி நிற்கும். கல்யாணச் சேலை, கெடு வைத்தாயிற்று.

அப்பா போகாதே என்று சொல்லவில்லை.

"இடிஞ்ச கோயிலைப் பாக்க அவ்ளோ தூரமாப்பா? நம்ம ஊர்க் கோயில் இல்லியா?" என்றார்.

நியாயமான கேள்விதான். 1387-இல் இருகப்பர் எழுப்பிய மண்டபமும் விதானத்து ஓவியங்களும் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. நான் கவுந்தியடிகள் கதையைச் சொன்னேன். சமணத் துறவியான அந்த அம்மையார் கண்ணகிக்கும் கோவலனுக்கும் துணையாக மதுரைவரை நடந்தே சென்றதைக் கேட்டதும் அப்பாவின் கை நின்றது.

"அந்தம்மா அப்புறம் அந்த மலைக்குப் போனாங்களா?"

"இல்லைப்பா. கோவலன் செத்தது தெரிஞ்சதும் பட்டினி கிடந்தே உயிரை விட்டுட்டாங்க."

அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கே விளக்கைப் போட்டு என்னை எழுப்பிவிட்டார். அன்றுமுதல் கல்லூரிக்குப் போகுமுன் மூன்று மணி நேரம் தறியில் இருக்கிறோம்.

முந்தி மட்டும் பாக்கி. முழுநிலவுக்கு இன்னும் ஒன்பது நாள்.